பிளைவுட் துண்டு பொருந்தவில்லையா? இடைவெளியைப் பார்த்து அளவுப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

வெட்டிய துண்டு இடத்தில் உட்காரவில்லை என்றால் உடனே இழைப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். எந்த அளவு தவறியது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி, அங்கே தெரியும் இடைவெளிதான். அதை இழைத்து அழித்துவிட்டால் அடுத்த துண்டிலும் அதே பிழை வரும். காரணத்தைத் தேடத்தான் வழியிருக்காது.

இடைவெளியின் வடிவமே பாதி விடையைச் சொல்லிவிடும். இரு விளிம்புகளுக்கும் நடுவே ஒரே அகலத்தில் ஓடினால் நீளம் தவறியிருக்கிறது. ஒரு முனையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி மறுமுனையில் அகன்றால் கோணம் தவறியிருக்கிறது. பலகையின் ஒரு முகத்தில் ஒட்டிக்கொண்டு மறுமுகத்தில் வாய் பிளந்தால் ரம்பத் தகட்டின் சாய்வு தவறு. பிறை வடிவில் திறந்தால் வளைவின் ஆரம் தவறு. இரண்டு வகை கலந்து தெரிந்தால் கோணத்தை முதலில் சரிசெய்யுங்கள். கோணம் தவறியிருக்கும்போது நீளத்தை அளப்பதில் பொருளில்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிளைவுட் வேலையில் எண் தவறுவதைவிட, எண் எந்த முகத்துக்குரியது என்பது தவறுவதே அதிகம். தாளில் நாம் வரைவது கனமில்லாத கோடு. பலகைக்கோ கனம் உண்டு. சாய்த்து வெட்டிய 18 மி.மீ. பலகைக்கு உள்முகத்தில் ஒரு நீளம், வெளிமுகத்தில் இன்னொரு நீளம். "965.7" என்று மட்டும் குறித்துவைத்தால் அது அரை அளவு. "965.7, அடிமுகம், முனையிலிருந்து முனை" என்று எழுதினால்தான் முழு அளவு.

முதலில் கருவிகளைச் சந்தேகியுங்கள்

நேர் விளிம்புள்ள பலகையில் மூலைமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டத்தை நம்பலாம். பிரிந்தால், பிரிவில் பாதிதான் உண்மையான பிழை.

டேப்பின் கொக்கி சற்று ஆடுவது குறையன்று. வெளியே மாட்டி அளக்கும்போதும் உள்ளே முட்டி அளக்கும்போதும் கொக்கித் தகட்டின் கனம் கணக்கைக் கெடுக்காமலிருக்கவே அந்த ஆட்டத்தை வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்து வளைந்த கொக்கிதான் பிரச்சினை. சந்தேகம் வந்தால் 100 மி.மீ. கோட்டிலிருந்து அளந்து, வந்ததில் 100ஐக் கழித்துக்கொள்ளுங்கள். (கழிக்க மறந்தால் துண்டு 100 மி.மீ. நீண்டுவிடும். பார்த்தவுடன் தெரிகிற பிழை, மரத்தையும் வீணாக்காது, பயப்படத் தேவையில்லை.)

ஆலையிலிருந்து வந்த பிளைவுட் தாளின் மூலை செங்கோணம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூலையிலிருந்து ஒரு விளிம்பில் 600, மறு விளிம்பில் 800 குறித்து, குறுக்கே அளங்கள். சரியாக 1000 வரவேண்டும். இடம் இருந்தால் 900, 1200, 1500 இன்னும் நல்லது. முக்கோணம் பெரிதாகப் பெரிதாகப் பென்சில் கோட்டின் தடிப்பு முடிவைக் கெடுப்பது குறையும்.

அறிகுறி: எல்லாத் துண்டுகளிலும் ஒரே அகலத்தில் இடைவெளி

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, இடைவெளி எதைப் பொறுத்து வளர்கிறது என்பது.

துண்டு நீண்டாலும் குறுகினாலும் இடைவெளி மாறவில்லை என்றால் தொடக்கப் புள்ளியில் தவறு: வளைந்த கொக்கி, அல்லது கோட்டின் எந்தப் பக்கம் ரம்பம் ஓடியது என்பது. ரம்பப் பல் 3 மி.மீ. மரத்தைத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோட்டின் நடுவே ஓட்டினால் 1.5 போகும், தேவையான பக்கத்தில் ஓட்டினால் 3 முழுதும் போகும். வேண்டாத பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவைக்கும் பழக்கம் இதற்குப் போதும்.

துண்டுகளின் எண்ணிக்கையோடு இடைவெளி வளர்ந்தால், பலகையின் கனமோ ரம்பத் தடமோ (ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் தின்னும் அகலம்) காரணம். 18 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் பலநேரம் 18 இருப்பதில்லை. 17.4 என்று வைத்துப் பாருங்கள்: ஆறு தடுப்புகள் நிற்கும் அலமாரியில் 108 மி.மீ. எதிர்பார்த்த இடத்தில் 104.4தான் நிறையும், 3.6 மி.மீ. எங்கிருந்தோ வந்ததுபோல் நிற்கும். வெளி அகலம் 800 என்றால் நடுத்தட்டு 764 அன்று, 765.2. கனத்தை டேப்பில் அளக்காதீர்கள், வெர்னியர் காலிப்பரில் அளங்கள். அதுவும் கையில் இருக்கும் அதே தாளை, இரண்டு மூன்று இடங்களில்.

ரம்பத் தடத்துக்கு ஒரு கணக்கு. 2440 நீளத் தாளிலிருந்து நான்கு சம துண்டுகள் வேண்டும். 610 கிடைக்காது. மூன்று வெட்டுகள் 9 மி.மீ. தின்னும், மீதி 2431ஐ நான்கால் வகுத்தால் 607.75. வடிவமைப்பில் 610 என்று எழுதிவைத்திருந்தால் கடைசித் துண்டு மட்டும் 9 மி.மீ. குட்டையாக வரும். மூன்று சரியாக இருந்து நான்காவது மட்டும் குட்டை என்பது இந்தப் பிழையின் கையெழுத்து.

நீளத்துக்கேற்ப இடைவெளியும் பெருகினால் அலகு மாற்றத்தைப் பாருங்கள். 6.3 அடி என்பது 6 அடி 3 அங்குலம் அன்று. 6 அடி 3.6 அங்குலம். அந்த 0.6 அங்குலம் 15 மி.மீ.க்கும் மேல். 8 அடி என்பது 2438.4 மி.மீ.; தாளில் 2440 என்று அச்சிட்டிருப்பது முழுமையாக்கிய எண். ஒரு வேலையை ஒரே அலகில் தொடங்கி அதிலேயே முடிப்பதுதான் என் கட்சி. இடையில் மாற்றுகிறவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொஞ்சம் மரத்தைக் கொடுக்கிறார்கள்.

டேப்பைச் சற்றுச் சாய்வாகப் பிடித்துவிட்டேனோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு: 2000 மி.மீ. நீளத்தில் 20 மி.மீ. சாய்ந்தாலும் பிழை 0.1 மி.மீ.தான். அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அறிகுறி: பெட்டிக்குப் பின்பலகை உட்காரவில்லை, கதவு ஓரத்தில் இடிக்கிறது

இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். 1200 × 600 சட்டத்துக்கு அவை 1341.6 ஆக இருக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் சட்டம் இணைகரமாகச் சாய்ந்திருக்கிறது. எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை: மூலைவிட்ட வேறுபாட்டை மூலைவிட்ட நீளத்தால் பெருக்கி, எந்தப் பக்கத்தின் திசையில் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கத்தின் இரு மடங்கால் வகுங்கள். வேறுபாடு 6 மி.மீ. என்றால், 6 × 1341.6 ÷ 2400 = 3.4 மி.மீ. நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளுக்கும் கிளாம்ப் போட்டு இறுக்கினால் சட்டம் நிமிரும். சற்றே கூடுதலாக இறுக்கித் தளர்த்துங்கள். விட்டவுடன் கொஞ்சம் பின்வாங்கும்.

மூலைவிட்டங்கள் சமம், ஆனாலும் பின்பலகை உட்காரவில்லை. இதுவும் நடக்கும். இருபுறமும் ஒரே அளவில் சரிந்த சரிவகத்துக்கும் மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும். எதிர்ப் பக்கங்களும் சமமா என்று பார்த்தால் மட்டுமே அது செவ்வகம். மேற்பலகையைவிட அடிப்பலகை 4 மி.மீ. நீளமாக வெட்டப்பட்டிருப்பது இங்கே வழக்கமான காரணம்.

பக்கங்களும் சரி, மூலைவிட்டங்களும் சரி, கதவு மட்டும் ஒரு மூலையில் எழும்பி நிற்கிறது என்றால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. இதை டேப் காட்டாது. ஒரு மூலை தளத்தைவிட்டு 10 மி.மீ. எழும்பினாலும், 1341.6 நீள மூலைவிட்டத்தில் வரும் மாற்றம் 0.04 மி.மீ. கூட இல்லை. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நூல் காட்டும். எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். தளம் சமமாக இருந்தால் நடுவில் இரண்டும் லேசாக உரசும். ஒரு மூலை 10 மி.மீ. எழும்பியிருந்தால் நூல்கள் நடுவில் 5 மி.மீ. விலகி நிற்கும், அல்லது ஒன்றையொன்று அழுத்தி வளைக்கும். மேலே இருக்கும் நூலைக் கீழே மாற்றிப் பாருங்கள், தெரிந்துவிடும். தரை சமமில்லாத இடத்தில் ஒட்டிய பெட்டிகளில் இது சாதாரணமாக வரும். பெட்டியைக் குறைசொல்லும் முன் அது காய்ந்த தரையில் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: சுவர் மூலையில் வைத்தால் பலகையின் ஓரம் ஆப்பு வடிவில் விலகுகிறது

பலகை செங்கோணம், சுவர் அப்படியில்லை. சுவரின் கோணத்தை அளக்கக் கோணமானி தேவையில்லை. மூலையிலிருந்து இரு சுவர்களிலும் 1000 மி.மீ. குறித்து, குறிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளங்கள். செங்கோணம் என்றால் 1414.2 வரும். 90க்கு அருகில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 12.3 மி.மீ. மாறும். 1400 வந்தால் கோணம் 88.85 டிகிரி. 600 மி.மீ. ஆழமுள்ள தட்டில் அது 12 மி.மீ. ஆப்பாகத் தெரியும். துல்லியமாக வேண்டுமென்றால்: அளந்த தூரத்தை 2000ஆல் வகுத்து, அதன் நேர்மாறு சைனைக் கண்டு, இரட்டிப்பாக்குங்கள்.

இரு பக்கமும் சுவர் இருக்கும் குழிவில் தட்டுப் பொருத்தும்போது பலரும் முன்பக்க அகலத்தை மட்டும் அளக்கிறார்கள். முன்னே, நடுவே, பின்னே என்று மூன்று இடங்களில் அளங்கள். பின்பக்கம் குறுகியிருந்தால் தட்டு பாதியில் சிக்கும். முன்பக்கம் குறுகியிருந்தால் நிலைமை மோசம்: அளவெல்லாம் சரியாக இருந்தும் தட்டை நேராக உள்ளே நுழைக்க முடியாது. சாய்த்து நுழைத்துப் பிறகு படுக்கவைக்க வேண்டும், அல்லது இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும்.

உள்ளளவை எடுக்க டேப்பை மூலையில் மடக்கி, மடிப்பில் தெரியும் எண்ணை ஊகிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். இரண்டு மெல்லிய கம்புகளைச் சேர்த்துப் பிடித்து, முனைகள் இரு சுவரையும் தொடும்வரை விரித்து, கிளாம்ப் போட்டு வெளியே எடுங்கள். அந்த நீளத்தை எண்ணாகக்கூட மாற்ற வேண்டாம். நேராகப் பலகையில் வைத்துக் குறியுங்கள்.

அறிகுறி: நான்கு பக்கங்களையும் சரியாக அளந்தும் கோணலான துண்டு பொருந்தவில்லை

நான்கு பக்க நீளங்கள் ஒரு நாற்கரத்தைத் தீர்மானிப்பதில்லை. நான்கு சட்டங்களை மூலைகளில் ஆணியடித்து இணைத்துத் தள்ளிப் பாருங்கள்; பக்கங்கள் மாறாமலேயே வடிவம் மாறும். ஐந்தாவது அளவாக ஒரு மூலைவிட்டம் கட்டாயம்.

மூலைகளுக்குக் க, ச, ட, த என்று பெயரிடுங்கள். பலகையில் க–ச பக்கத்தை வரையுங்கள். நீண்ட சட்டம் ஒன்றில் ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் பென்சில் வைத்தால் அதுவே கவராயம். கவிலிருந்து மூலைவிட்ட நீளத்தில் ஒரு வில். சவிலிருந்து ச–ட நீளத்தில் ஒரு வில். இரண்டும் வெட்டும் இடம் ட. அதேபோல் கவிலிருந்தும் டவிலிருந்தும் வில் வரைந்தால் த கிடைக்கும். ஆறாவது அளவான ச–த மூலைவிட்டத்தை வரைவதற்குப் பயன்படுத்தாமல் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் வருவதும் இடத்தில் அளந்ததும் 2 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஐந்தில் ஏதோ ஒன்று தவறு. முதலில் மூலைவிட்டத்தை மீண்டும் அளங்கள். நீளமான அளவு, டேப் தொய்வதும் நடுவில் எதிலாவது தட்டுவதும் அங்கேதான்.

ஐந்து பக்க வடிவத்துக்கு ஏழு அளவுகள், ஆறு பக்கத்துக்கு ஒன்பது. எல்லாமே முக்கோணங்களாகப் பிரிப்பதுதான்.

அறிகுறி: துண்டைக் கவிழ்த்துப் போட்டால் பொருந்துகிறது

அளவில் தவறில்லை, கண்ணாடிப் பிம்பமாக வெட்டிவிட்டீர்கள். இரு முகமும் நன்றாக இருந்தால் கவிழ்த்தே பொருத்திவிடுங்கள். அடுத்த முறை அட்டை அச்சு எடுத்தவுடன், இடத்தைவிட்டு எடுப்பதற்கு முன்பே, மேலே தெரியும் முகத்தில் "மேல்" என்று எழுதுங்கள். கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தில் பல் கீழிருந்து மேலாக வெட்டுவதால், மேல்முகம் சிதறாமலிருக்கப் பலகையைக் கவிழ்த்துப் போட்டு அறுப்பார்கள். இந்தப் பிழையில் பெரும்பகுதி அந்தக் கணத்தில்தான் நடக்கிறது.

அறிகுறி: எண்கோணத்தின் கடைசி மூட்டு மூடவில்லை

எட்டு மூட்டுகள், பதினாறு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் 22.5 டிகிரி. ஒவ்வொன்றிலும் கால் டிகிரி தவறினால் கடைசி மூட்டில் 4 டிகிரி வந்து நிற்கும். ஏழு மூட்டுகளும் அழகாக ஒட்டியிருக்க, எட்டாவது மட்டும் பிளந்திருப்பது அதனால்தான். அந்த ஒரு மூட்டைத் திருத்திப் பயனில்லை.

திசையைப் பாருங்கள். வெளிப்பக்கம் வாய் திறந்தால் சாய்வு போதவில்லை. உள்பக்கம் திறந்தால் சாய்வு அதிகம். பிளவின் கோணத்தைப் பதினாறால் வகுத்தால் ரம்பத்தை எவ்வளவு திருத்த வேண்டும் என்பது கிடைக்கும். மீண்டும் வெட்டப் பலகையில் இடமில்லை என்றால், நான்கு நான்காக இரண்டு பாதிகளை ஒட்டுங்கள். இரண்டு பாதிகளையும் ஒரு நேர்கோட்டில் வைத்து முனைகளைச் சீவி, பிறகு சேருங்கள். பிழை இரண்டு மூட்டுகளில் பங்கிடப்பட்டு மறைந்துவிடும். வடிவம் இம்மியளவு ஒடுங்கும், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

எண்கோணம் மூடுகிறது, ஆனால் அளவு பெரிதாகிவிட்டது என்றால் முகக் குழப்பம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே வெளியளவு 1200 வேண்டுமென்றால் ஒரு பக்கம் 1200 × 0.4142 = 497.1. இது வெளிமுக நீளம். 18 மி.மீ. பலகையில் உள்முகம் 14.9 மி.மீ. குறைவு. 497.1ஐ உள்முகத்தில் குறித்திருந்தால் எண்கோணம் 36 மி.மீ. பெருத்திருக்கும், நீளத்தை உள்ளும் புறமும் சராசரியாக எடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் எதுவோ வந்திருக்கும். அறுங்கோணத்துக்கு எதிர்ப்பக்க தூரத்தை 1.732ஆல் வகுங்கள், வெட்டு 30 டிகிரி.

ரம்பத்தின் கோண அளவுகோலில் நேர்வெட்டுதான் பூஜ்யம். விளிம்பிலிருந்து 67.5 டிகிரி என்று பள்ளிக்கூடக் கணக்கு சொன்னால், ரம்பத்தில் அது 22.5.

அறிகுறி: பக்கங்கள் சரிந்த பெட்டியில் 45 வைத்தும் மூலை கூடவில்லை

செடித்தொட்டி, தானியத் தொட்டி, மேலே அகன்ற எந்தப் பெட்டியானாலும் இங்கேதான் பலருக்கும் கணக்கு கைவிடுகிறது. நேராக நிற்கும் பெட்டியில் 45 டிகிரி போதும். பக்கங்கள் சரிந்துவிட்டால் இரண்டு கோணங்கள் வேண்டும்: பலகையின் முகத்தில் தெரியும் வெட்டுக் கோணம் ஒன்று, தகட்டின் சாய்வு இன்னொன்று. இரண்டுமே 45 அல்ல.

பக்கம் செங்குத்திலிருந்து எவ்வளவு சரிகிறது என்பதைச் சரிவு என்போம். நான்கு பக்கப் பெட்டிக்கு:

முக வெட்டுக் கோணத்தின் டேன் = சரிவின் சைன்.
தகட்டுச் சாய்வின் சைன் = சரிவின் கொசைன் × 0.7071.

சரிவு 5 டிகிரி: முக வெட்டு 4.98, தகடு 44.78.
சரிவு 10: 9.85, 44.14.
சரிவு 15: 14.51, 43.08.
சரிவு 20: 18.88, 41.64.
சரிவு 30: 26.57, 37.76.

பக்கங்களின் எண்ணிக்கை வேறென்றால், 180ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்து வரும் கோணத்தை எடுங்கள். அதன் டேனால் முதல் வரியில் சரிவின் சைனைப் பெருக்குங்கள். இரண்டாம் வரியில் 0.7071க்குப் பதில் அதன் சைன்.

இப்போது அறிகுறிகளுக்கு வருவோம். வெளிவிளிம்புகள் ஒட்டி உள்ளே வாய் திறந்திருக்கிறது: தகட்டை 45லேயே விட்டுவிட்டீர்கள். 15 டிகிரிச் சரிவில் ஒவ்வொரு வெட்டும் 1.92 டிகிரி அதிகம், மூட்டில் 3.84. 18 மி.மீ. பலகையில் உள்ளே ஒன்றரை மி.மீ.க்கு மேல் பிளவு.

அடிப்பகுதி ஒட்டி மேலே போகப்போக ஆப்பாகத் திறக்கிறது, அல்லது மாறாக நடக்கிறது: முக வெட்டுக் கோணம் தவறு. 14.51க்குப் பதிலாக 15ஐயே வைத்திருப்பீர்கள். சரிவு சிறிதாக இருக்கும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் தப்பித்துவிடலாம். 30இல் தப்பிக்க முடியாது, வேறுபாடு 3.4 டிகிரி.

எல்லாமே தாறுமாறு, ஒரு மூட்டும் ஒட்டவில்லை: சரிவைக் கிடைமட்டத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். 15க்குப் பதில் 75.

மூட்டுகள் கூடிவிட்டன, பெட்டி தரையில் விளிம்பின்மேல் நிற்கிறது: அடி விளிம்பையும் மேல் விளிம்பையும் சரிவின் அளவுக்குச் சாய்த்து இழைக்க மறந்துவிட்டீர்கள். 15 டிகிரிச் சரிவுக்கு 15தான், இங்கே எந்தச் சூத்திரமும் இல்லை.

உயரம் குறைந்துவிட்டது: 300 மி.மீ. செங்குத்து உயரம் வேண்டுமென்றால் பலகையின் அகலம் 300 ÷ கொசைன் 15 = 310.6. பலகையையே 300க்கு வெட்டினால் பெட்டி 289.8தான் நிற்கும்.

முனைகளைச் சாய்க்காமல் ஒரு பலகையின் முனையை இன்னொன்றின் முகத்தில் முட்டி ஆணியடிப்பதாக இருந்தால் தகட்டை நிமிர்த்திவிடலாம் என்று தோன்றும். அதுவும் சரியில்லை. 15 டிகிரிச் சரிவில் பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணம் 93.84, தகடு 3.84 சாய வேண்டும். கணக்கை நம்புவதற்கு முன் வீண் துண்டுகளில் நான்கு சிறிய பக்கங்களை வெட்டி ஒட்டுநாடாவால் சுற்றிப் பாருங்கள். இந்த மூட்டுக்கு இதைவிட மலிவான பாடம் இல்லை.

அறிகுறி: சாய்ந்த இரண்டு பலகைகள் உச்சியில் சந்திக்கவில்லை

சிறிய கூரை, பறவைக் கூடு, சாய்ந்த மூடி. அரை அகலம் 900, உயரம் 350 என்றால் சாய்நீளம் 965.7, சாய்வு 21.25 டிகிரி. இதில் தவறில்லை. ஆனால் இந்த 965.7 தாங்கும் சட்டத்தைத் தொடும் அடிமுகத்துக்குரியது. உச்சியில் செங்குத்தாக வெட்டும்போது மேல்முகம், கனம் × சாய்வின் டேன், அதாவது 18 × 0.389 = 7 மி.மீ. கூடுதலாக நீள வேண்டும். கீழ்முனையை நேராக வெட்டியிருந்தால் மேல்முகம் 972.7. மேல்முகத்தில் 965.7ஐக் குறித்து வெட்டினால் உச்சியில் இரு பலகைகளுக்கும் நடுவே 13 மி.மீ. நிற்கும். 13 மி.மீ. இடைவெளியைப் பார்த்துப் பிதாகரஸைச் சந்தேகிக்கிறவர்கள் உண்டு. அவர் பலகையின் கனத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அவரை விட்டுவிட்டு, தமிழில் பலர் மனப்பாடமாக வைத்திருக்கும் கர்ண வாய்ப்பாட்டைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல். நீண்ட பக்கத்தில் எட்டில் ஒன்றைக் கழித்து, குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டும் அந்த முறை 3, 4க்கு 5 என்றும் 5, 12க்கு 13 என்றும் துல்லியமாகச் சொல்லும். 600, 1200க்கு 1350 என்று சொல்லும்; உண்மை 1341.6. சதுரத்தில் இன்னும் மோசம்: 1000, 1000க்கு 1375, உண்மை 1414.2. எவ்வளவு பலகை வாங்க வேண்டும் என்று மனக்கணக்குப் போட மிக நல்லது. வெட்டுவதற்கு ஆகாது.

கால்குலேட்டரில் 30இன் சைன் 0.5 வராமல் −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: வளைவில் பிறை வடிவ இடைவெளி

வளைந்த பரப்பின்மேல் படியும் துண்டு இரு ஓரங்களில் தொட்டு நடுவில் திறந்தால் உங்கள் ஆரம் சிறிது. நடுவில் தொட்டு ஓரங்கள் விலகினால் ஆரம் பெரிது. ஆரத்தைக் காண, வளைவின் குறுக்கே ஒரு நேர்சட்டத்தை நாணாகக் கொண்டு, நடுவில் உயரத்தை அளங்கள். நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். நாண் 1000, உயரம் 120 என்றால் 1041.7 + 60 = 1101.7.

உயரத்தை 1 மி.மீ. தவறாக, 121 என்று அளந்திருந்தால் ஆரம் 1093.6. எட்டு மி.மீ. பரவாயில்லை. ஆனால் வளைவு ஆழமில்லாமல், உயரம் 30 மட்டும் இருந்தால் ஆரம் 4181.7, 31 என்று அளந்தால் 4047.8. ஒரு மி.மீ. 134 மி.மீ.யாகப் பெருகிவிட்டது. எனவே மெலிந்த வளைவுகளுக்கு ஆரம் கணக்கிடவே வேண்டாம். நாணின் இரு முனைகளிலும் ஆணியடியுங்கள். நாணளவேனும் நீளமுள்ள இரண்டு சட்டங்களை, ஒவ்வொன்றும் ஓர் ஆணியைத் தொட, இரண்டும் உச்சிப் புள்ளியில் சந்திக்க வைத்து, அந்தக் கோணம் மாறாதபடி ஒன்றோடொன்று திருகாணியால் பிணைத்துவிடுங்கள். சந்திப்பில் பென்சிலை வைத்து, சட்டங்கள் ஆணிகளை விடாமல் தொட்டபடி நகர்த்தினால் வருவது சரியான வட்டவில். மெல்லிய சட்டத்தை வளைத்து வரைவதும் உண்டு. கண்ணுக்கு அழகாக இருக்கும், கண்டிப்பான வட்டமாக இருக்காது.

பிளைவுட்டையே வளைக்கும்போது நீளம் பற்றாமல் போனால், உள் ஆரத்தைக் கொண்டு கணக்கிட்டிருப்பீர்கள். 6 மி.மீ. பலகையை 300 உள் ஆரத்தில் கால் வட்டமாக வளைத்தால் உள்முகம் 471.2, நடுக்கோடு 476, வெளிமுகம் 480.7. பலகையை நடுக்கோட்டின் நீளத்துக்கு வெட்டுங்கள். முனைகளைப் பொருத்திய பிறகு சீவிக்கொள்ளலாம்.

அறிகுறி: சாய்ந்த பலகையில் போட்ட துளைக்குள் குழாய் நுழையவில்லை

110 மி.மீ. குழாய், பலகை 30 டிகிரி சாய்ந்திருக்கிறது. துளை நீள்வட்டமாக வேண்டும்: குறுக்கே 110, நெடுக்கே 110 ÷ கொசைன் 30 = 127. இதையும் செய்து குழாய் பாதியில் நின்றால், மீண்டும் பலகையின் கனம். வெட்டு பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறது, குழாய் சாய்வாகப் போகிறது. 18 × டேன் 30 = 10.4ஐக் கூட்டி நெடுக்கே 137.4 ஆக்குங்கள். துளையின் சுவரைக் குழாயின் திசையிலேயே சாய்த்து அறுக்க முடிந்தால் 127 போதும்.

அறிகுறி: முன்பு பொருந்தியது, இப்போது பொருந்தவில்லை

அளவைத் தொடாதீர்கள். அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் பிளைவுட் நீள அகலத்தில் மிகக் குறைவாகவே மாறும். ஈரத்தில் கனம்தான் ஊதும், அதுவும் வெட்டிய விளிம்பில் முதலில். பள்ளத்தில் செருகும் தட்டு இறுகிவிட்டால் விளிம்பின் கனத்தையும் நடுப்பகுதியின் கனத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். விளிம்பு மட்டும் தடித்திருந்தால் உலரவிட்டு மீண்டும் பாருங்கள், பிறகு விளிம்புக்கு வார்னிஷ் பூசுங்கள். இரண்டும் ஒரே கனம், தட்டு மட்டும் வில்லாக வளைந்திருக்கிறது என்றால் அது சுவரில் சாய்த்துவைத்த பலகை. சமதரையில் மூன்று சட்டங்களின்மேல் படுக்கவைத்து, மேலே சம பாரம் ஏற்றிவிட்டு, நிமிர்ந்த பிறகே டேப்பை எடுங்கள்.